தூண்டில் வளைவும் கஸ்தூரியக்கா வீடும்

கடலுக்குள் கல்லைக் கொட்டி மண்ணைப் பிடிப்பது என் தொழில். ராயபுரம் முதல் எண்ணூர் வரை கரையோரத்தில் எங்கே பொக்லைன் உறுமுகிறதோ, அங்கே தலையில் துண்டோடு ஒருவன் கத்திக்கொண்டிருந்தால் அது பெரும்பாலும் நான்தான், ஒப்பந்தக்காரரின் மேற்பார்வையாளன். வெயிலில் நின்று, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் திட்டு வாங்கிச் சம்பளம் எடுக்கும் சக பாவிகளே, உங்களுக்குத்தான் இது.

விஷயம் எளிது. வருடத்தில் பெரும்பாலும் கடல் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டே போகும். நடுவில் துறைமுகச் சுவர் மறிக்கிறது. சுவருக்குத் தெற்கே மணல் தேங்கி மைதானமாகக் கிடக்கிறது. வடக்கே எங்கள் பக்கம் மணல் கொஞ்சம்தான் வரும், அலை மட்டும் தவறாமல் வரும். போன மழைக்காலத்தில் திருவொற்றியூரில் ஒரு குப்பத்தின் கடைசி வரிசை வீடுகளைக் கடல் கொண்டுபோனது. இப்போது கடைசி வீடு கஸ்தூரியக்காவுடையது. சமையலறைச் சுவர் ஏற்கெனவே போய்விட்டது. தார்ப்பாய் கட்டிக் குழம்பு வைக்கிறார். ஐப்பசிக்குள் அங்கே இரண்டு தூண்டில் வளைவு போட்டால் வீடு நிற்கும், இல்லாவிட்டால் இல்லை. தூண்டில் வளைவு என்பது கரையிலிருந்து கடலுக்குள் கொக்கிபோல நீளும் கற்சுவர். ஓடுகிற மணலை மடக்கி நிறுத்தும்.

எத்தனை தூண்டில்?

அனுமதி கேட்டு ஓர் அலுவலகத்துக்குக் கடிதம் போனது. 'திருவொற்றியூர் குப்பத்துக்கு இரண்டு தூண்டில் தேவை' என்று இருந்தது அதில். 'வளைவு' விட்டுப்போயிருந்தது. தட்டச்சு செய்த மகான் அடியேன்தான். மூன்று வாரம் காத்திருந்தபின் பதில் வந்தது: 'தூண்டில் கோரும் மீனவர்களின் பட்டியலைக் குடும்ப அட்டை நகலுடன் இணைக்கவும்.'

பைக்கில் பறந்துபோய், கையைக் காலைப் பிடித்து, சரிசெய்துவிட்டு வந்தேன். மூன்று வாரம் போனது போனதுதான். வஞ்சிர மீனைச் செதில் எடுத்துக்கொண்டிருந்த கஸ்தூரியக்காவிடம் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன். அவர் கத்தியைக்கூட நிறுத்தவில்லை. "குட்த்தா வாங்கி வெச்சிக்கோ சார். வூடு கடல்ல வுழுந்துச்சின்னா, மாட்டி இஸ்துக்கலாம்."

பொண்ணு பார்த்த கதை

அனுமதி கிடைத்ததும் கல் ஏற்றி வந்த முதல் லாரி தண்டையார்பேட்டை பாஷா பாயுடையது. கன்டெய்னர் வண்டி வரிசையில் நாலு மணி நேரம் சிக்கி, புழுதியில் குளித்து வந்து நின்றார். ஏறிப் பார்த்தேன். பாதிக்கு மேல் சின்னக் கல். சின்னக் கல்லை அலை பொரி மாதிரி வாரிக்கொண்டு போய்விடும். பெரிய கல்தான் ஒன்றுக்கொன்று தோள் கொடுத்து நிற்கும். இறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, எது ஆகும் எது ஆகாது என்று ஒவ்வொரு கல்லாகத் தட்டிக் காட்ட ஆரம்பித்தேன்.

பாய் பத்து நிமிஷம் பொறுத்தார். அதற்கு மேல் முடியவில்லை. "இன்னா நைனா, பொண்ணு பாக்க வந்தவன்கூட இம்மா நேரம் பாக்க மாட்டான். கல்லு இன்னா, உனக்கு சொஜ்ஜி பஜ்ஜியா வெச்சிச்சி?"

மடித்த மூலை

ஆவணியில் வேலை சூடு பிடித்தது. தெற்கு வளைவுக்குப் பாதை வசதியாக இருந்ததால் அங்கிருந்தே தொடங்கினேன். பாதிச் சுவர் எழும்பியது; நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். ஒரே வாரத்தில் கஸ்தூரியக்கா வீட்டடியில் இடுப்பளவு மணல் காணாமல் போனது. வாசல் கல் அந்தரத்தில் தொங்கியது.

அக்கா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. உள்ளே போய்ப் பீரோவிலிருந்து துணிகளை எடுத்து மூட்டை கட்ட ஆரம்பித்தார். சட்டைப் பையில் வைப்பதற்காக நான் மடித்து வைத்திருந்த வரைபடத்தைப் பிரித்தேன். மடித்த மூலையில் 'வடக்கு வளைவை முதலில் கட்டவும்' என்று அச்சடித்தே இருந்தது. அக்காவின் வீடு இரண்டு வளைவுக்கும் நடுவில். வடக்கே மணலைப் பிடிக்கச் சுவர் இல்லாதபோது, நான் தெற்கே மறித்து, வருகிற கொஞ்ச மணலையும் நிறுத்திவிட்டேன்.

அக்காவின் கணவர் ஏழுமலை அண்ணன் பக்கத்தில் வந்து நின்றார். தெற்கிலிருந்து வடக்கே இழுக்கும் நீரோட்டத்துக்குத் தெண்டி என்று பேர். அதில் படகு ஓட்டிப் பிழைக்கிறவர். "தெண்டி வலிச்சினு கீது சார். மண்ணு தெக்கேர்ந்துதான் வர்து. நீ வாசப்படிலயே சோத்தப் புடுங்கிக்கினா, உள்ள கீறவ இன்னாத்த துன்றது?"

ரிவர்ஸ்

அன்றே தெற்கு வேலையை நிறுத்தினேன். மேலதிகாரியிடம் என் தவறு என்று ஒப்புக்கொண்டு, வாங்க வேண்டியதை வாங்கிக்கொண்டேன். வடக்கே லாரி போக வழி இல்லை. குறுக்கே கஸ்தூரியக்கா கருவாடு காயவைக்கும் கொட்டகை. எப்படிக் கேட்பது என்று நான் மென்று விழுங்கிக்கொண்டிருந்தபோதே, அக்கா கடப்பாரையோடு வந்து முதல் கம்பத்தைப் பெயர்த்தார். கட்டிய மூட்டை அவிழ்க்கப்படாமல் கட்டிலில் இருந்தது.

பிறகு அக்காவே நடுவில் நின்று வண்டிகளை ஒழுங்குபடுத்தினார். "வா வா வா, லெப்ட்ல ஒடி, கண்ணு தெர்ல?" என்று அவர் போட்ட சத்தத்தில் பொக்லைன்காரர் பெட்டிப் பாம்பாகிவிட்டார். பாஷா பாய் சன்னல் வழியே தலையை நீட்டினார். "சார், சொம்மா சொல்லக் கூடாது. அக்காவ சூப்பர்வைசராப் போட்டு, நீ போய் கருவாடு காயவை."

துடைப்பம்

ஐப்பசியில் வடக்கு வளைவு முடிந்து, தெற்கில் இன்னும் கால்வாசி பாக்கி இருந்தபோது புயல் சின்னம் வந்தது. காலையிலிருந்து மழையில் நின்றேன். பனை உயரம் என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அலை பெரிதுதான். கல்லில் மோதி, இடுக்குகளில் புகுந்து, மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பியது. தார்ப்பாய் பறந்தது. வீடு நின்றது. மழையில் நனைந்தபடி அழுதேன். சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

மீதிச் சுவரை மார்கழியில் முடித்தோம். பங்குனியில் தெண்டி மறுபடி இழுக்கத் தொடங்கியதும் மணல் வர ஆரம்பித்தது. சித்திரையில் போய்ப் பார்த்தால், வீட்டுக்கு முன்னால் நாலு படகை இழுத்து ஏற்றும் அளவுக்குக் கரை. எங்களுக்கு வடக்கே இருக்கிற குப்பத்தில் இப்போது மணல் குறையும் என்று அங்கேயும் தூண்டில் வளைவுக்கு முளை அடித்தாகிவிட்டது. இந்த முறை வரைபடத்தை மடிக்கவில்லை. ஒரு வாய் பாராட்டு கிடைக்கும் என்று அக்கா வீட்டு வாசலில் போய் நின்றேன். கையில் துடைப்பத்தோடு வெளியே வந்தார். "இன்னா சார் நீ, தெனிக்கும் நாலு தபா பெருக்கறேன், திரும்பிப் பாத்தா வூடு பூரா மண்ணு. கொஞ்சம் கம்மியா புட்ச்சிருக்கக் கூடாதா?"

கடலைச் சமாளித்துவிடலாம் நண்பர்களே. காப்பாற்றிய வீட்டில் நல்ல பேர் வாங்குவதற்குத்தான் இன்னும் எந்த வரைபடத்திலும் வழி போடவில்லை.