கட்டோடு போன தத்துவம்

மீரான் மைதீனுக்கு விருதுநகரில் பழைய பேப்பர் கடை. நாற்பத்திரண்டு வயதில் அவர் அஞ்சல் வழியில் தத்துவம் எம்.ஏ. படித்தார். ஏன் என்று கேட்டவர்களுக்கு விளக்கம் சொன்னார். பிறகு யாரும் கேட்கவில்லை. 2006இல் பாக்கி ஒரே தாள்: ஜெர்மன் கருத்துமுதல்வாதம். இரண்டு முறை தோற்றாயிற்று. மே மாதத்தோடு பழைய பாடத்திட்டத்துக்கு மூடுவிழா. இதை விட்டால் எம்.ஏ.வே கிடையாது.

பொருள்கள் நம் அறிவு மாட்டிவிடும் வேடத்தில்தான் நமக்குத் தெரிகின்றன, வேடத்துக்குப் பின்னால் இருப்பதை அறியவே முடியாது என்கிறார் அந்த ஜெர்மானியர்களில் மூத்தவர். இதை நான்கு வருடமாகக் குறிப்பெடுத்தார். எடுத்த இடம்தான் கோளாறு. சிவகாசி அச்சகங்கள் கழித்த காலண்டர் தாள் கடையில் மலையாகக் கிடக்க, நோட்டு எதற்கு? அச்சில் கலர் விலகி, ஆளுக்கு நான்கு உதட்டோடு சிரித்த குழந்தைப் படங்களின் முதுகில் எழுதினார். சணலால் கட்டி மூலையில் வைத்தார்.

ஏப்ரலில் எம். புதுப்பட்டிக்கு அவசர லோடு. அங்கே பட்டாசு வெடிக்குக் குழாய் சுருட்டுகிறவர்களுக்குக் கழிவுத்தாள் வேண்டும். கடையின் ஒரே சட்டம்: கட்டைப் பிரிக்காதே, எடை போட்டு ஏற்று. சட்டத்தை இயற்றியவரே அன்று தராசில் நின்றார். எல்லாக் கட்டிலும் குழந்தைகள்தான் சிரித்தன. ஏற்றினார்.

மூன்று நாள் கழித்துக் குறிப்புக் கட்டைத் தேடினார்.

"நீங்களே ஏத்தி விட்டுட்டு என்னைய எதுக்கு மொறைக்கீக?" என்றாள் மனைவி ஷரீஃபுன்னிசா.

புதுப்பட்டிக்கு பஸ் பிடித்து ஓடினார். குழாய் சுருட்டும் அய்யம்மாளிடம் விஷயத்தைச் சொன்னார். அவள் வெயிலில் காய்ந்த ஆயிரக்கணக்கான குழாய்களைக் காட்டினாள்.

"இதுக்குள்ளதேன் இருக்கும் மொதலாளி. எதுலன்னு மட்டும் கேக்காதீக."

"பிரிச்சுப் பாக்கலாமா தாயி?"

"பசை காஞ்சிருச்சே. கிழிச்சாத்தேன் உண்டு. அம்புட்டையும் கிழிச்சா எங்க கூலிய உங்க ஜெர்மன்காரரா குடுப்பாரு? போனாப் போகுது, ஒண்ணே ஒண்ணு எடுத்துக்கங்க."

வெகுநேரம் பார்த்து ஒன்றை எடுத்துக் கிழித்தார். ஒரு குழந்தையின் அரை மூக்கு. அதன் முதுகில் அவர் கையெழுத்தில் 'ஆகவே' என்ற ஒரு சொல். ஆகவே என்ன என்பது வேறு குழாயில் இருந்தது.

மே மாதம் தேர்வு. முதல் கேள்வியே அதுதான்: பொருளை அது இருக்கிறபடியே அறிய இயலுமா? படித்ததெல்லாம் மண்டைக்குள் இருந்தது, வரிசைதான் இல்லை. 'இயலாது. ஆகவே' என்று எழுதினார். பேனா அங்கேயே நின்றது. விசிறி சுற்றியது. பக்கத்தில் ஒருவர் கூடுதல் தாள் கேட்டு எழுந்தார்.

மணி அடித்ததும் கண்காணிப்பாளர் விடைத்தாளை வாங்கிப் புரட்டினார்.

"என்ன சார், 'ஆகவே'யோட நிக்குது? மிச்சம் எங்க?"

"புதுப்பட்டில காயுது" என்றார் மீரான் மைதீன்.