பிரகாசியம்மாளின் கல்லறைத் திருநாள்

பிரகாசியம்மாள் பிரெஞ்சுக்காரர் வீட்டுக் குசினியில் பதினாறு வருடம் சமைத்தவள். துரைசாணி குறை சொன்னால் தலையைக் குனிய மாட்டாள். தப்பு தன்மேல் இருந்தால் ஒத்துக்கொள்வாள், இல்லையென்றால் அதையும் சொல்லிவிடுவாள். அவள் புருஷன் சூசைநாதனுக்கு, மில்லில் வேலை பார்த்த அமைதியான மனுஷனுக்கு, இதில் பாதி பயம், பாதி பெருமை.

ஐம்பத்தேழாம் வருடம் ஆகஸ்டில் பிரெஞ்சில் ஒரு கடிதம் வந்தது. அவர்களுடைய ஒரே மகன் மத்தியாஸ் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து அல்ஜேரியாவுக்குப் போயிருந்தான். சண்டையில் இறந்துவிட்டான், அங்கேயே அடக்கம் செய்துவிட்டோம் என்று எழுதியிருந்தது. சூசைநாதன்தான் எழுத்துக்கூட்டிப் படித்துச் சொன்னார்.

பக்கத்து வீட்டுச் செல்வாம்பாள் ஓடிவந்து கட்டிக்கொண்டு அழுதாள். கண் காணாத சீமையில் கிடக்கிறானே, மூஞ்சியைக்கூடப் பார்க்க முடியவில்லையே என்று புலம்பினாள். பிரகாசியம்மாளும் அழுதாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "எங்க பொதச்சா என்னக்கா. எழுப்புறவருக்கு எடம் தெரியும்."

சூசைநாதனால் அப்படிச் சொல்ல முடியவில்லை. மகனுக்காகக் கோயிலில் பூசை வைத்தார்கள். உடல் இல்லாததால் வெறும் பெட்டியை வைத்துக் கறுப்புத் துணி போர்த்தியிருந்தார்கள். அதைப் பார்த்ததும் அவர் எழுந்து வெளியே வந்துவிட்டார். அதன்பின் ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் பக்கமே போகவில்லை. அவள் வற்புறுத்தவும் இல்லை.

நவம்பர் இரண்டாம் தேதி, கல்லறைத் திருநாள். மெழுகுவத்தி, சாமந்தி, ஒரு குடம், பழைய துணி எல்லாம் எடுத்துக்கொண்டு அவள் கிளம்பினாள். யார் கல்லறைக்குப் போகிறாள்? மனசு கேட்காமல் அவரும் உப்பளம் கல்லறைத் தோட்டம்வரை பின்னாலேயே போனார்.

அவரவர் குடும்பக் கல்லறையில் கூட்டம் நின்றது. அவளோ மதில் ஓரம் புல் மண்டிக் கிடந்த ஒரு கல்லின் முன்னால் உட்கார்ந்து, புல்லைப் பிடுங்கினாள். பாசியைத் தேய்த்துவிட்டு, என்ன எழுதியிருக்கிறது என்று அவரைக் கேட்டாள். அவர் விரலை வைத்துப் படித்தார். பிரான்சிலிருந்து வந்த கப்பல்காரன், காய்ச்சலில் செத்தவன், இருபத்திரண்டு வயசு.

"எந்திரிக்கிற அன்னிக்கு இவன் கண்ணு மொதல்ல புல்லப் பாக்கக் கூடாது," என்றாள் பிரகாசியம்மாள்.

சூசைநாதன் குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீர் மொள்ளப் போனார்.

அடுத்த வருடம் மூன்று கல்லறைகளைச் சுத்தம் செய்தார்கள். அதற்கடுத்த வருடம் ஐந்து. செல்வாம்பாள் தன் வீட்டுச் சாமந்தியைக் கூடையோடு கொடுத்தனுப்பினாள். தெருப் பெண்கள் இரண்டு பேர் தாங்களாகவே வந்து சேர்ந்தார்கள். சூசைநாதன் சுண்ணாம்பு கரைத்து அடித்தார். ஞாயிறு பூசைக்கும் மனைவியோடு போகத் தொடங்கினார். யாரும் காரணம் கேட்கவில்லை.

அறுபத்தொன்றில் மதில் ஓரத்து ஒன்பது கல்லறைகளிலும் மெழுகுவத்தி எரிந்தது. புதிதாக வந்திருந்த சாமியார் கல்லறைகளை மந்திரித்துக்கொண்டே வந்தவர் அங்கே நின்று, இவர்களுக்குச் சொந்தக்காரர்கள் யார் என்று விசாரித்தார்.

"சொந்தம்னு யாரும் இல்ல சாமி. எங்க வீட்டுக்காரிதான் பாத்துக்கறா," என்றார் சூசைநாதன். நாலு பேர் நடுவில் அவர் அவ்வளவு உரக்கப் பேசி யாரும் கேட்டதில்லை.

சாமியார் ஒன்பதின் மேலும் தீர்த்தம் தெளித்தார். மறுநாள் மில்லில், யாரும் கேட்காமலே, சூசைநாதன் அந்த ஒன்பது பேரின் பெயரையும் பிரெஞ்சு உச்சரிப்போடு வரிசையாகச் சொன்னார். பத்தாவதாகத் தன் மகன் பெயரையும் சொன்னார்.