நாலு கைக்காரி

2007-இல் விக்டோரியாவுக்கு முப்பத்தொரு வயது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், கார்களுக்குப் போகும் ஒயர்களைக் கட்டாகச் சுற்றும் கம்பெனியில் ஆறு வருஷமாக நின்றபடியே வேலை. விடியுமுன் மணவாள நகரில் கம்பெனி பஸ் ஏறினால், ஊத்துக்கோட்டை வழியாகப் போய்ச் சேர ஒன்றே முக்கால் மணி நேரமாகும். திரும்பவும் அதே பாடு. கால் குடைச்சலில் விக்டோரியாவுக்குச் சும்மா உட்கார முடியாது. கை எதையாவது செய்துகொண்டிருக்க வேண்டும்.

ஒரு நாளைக்கு நூறு மெசேஜ் இலவசம் என்று செல் கம்பெனிக்காரன் கொடுத்திருந்தான். ஒருநாள், பக்கத்து சீட்டில் இருந்த நௌஷீனுக்கே ஒன்று தட்டி அனுப்பினாள்: "உன்ன வேற கிரகத்துக்குத் தூக்கினு போயிட்டாங்க. உனக்கு நாலு கை. சுத்தி ஜனம் கத்துது. எதிர்ல முதல மூஞ்சிக்காரன் கத்தியோட நிக்கிறான். 1 அடி. 2 ஓடு."

நௌஷீனுக்கு இருபத்துமூன்று வயது. கல்யாணமாகி அந்த வருஷம்தான் மணவாள நகருக்கு வந்திருந்தாள். படித்துவிட்டு 2 என்று அனுப்பினாள்.

"ஓடுனா எங்கக்கா போவேன்?"

"அத நாளைக்கு சொல்றேன்."

ஒரே மாதத்தில் பஸ்ஸில் பதினாலு பேர் விளையாடினார்கள். எந்த எண் அதிகம் வருகிறதோ அதன்படி மறுநாள் கதை போகும். பத்தாவது வரை படித்த விக்டோரியாவுக்கு விண்வெளி என்றால் பாடப்புத்தகத்தில் இருந்த ஒன்பது கோள்கள்தான் தெரியும். அது போதவில்லை. ரெண்டு சூரியன் காயும் ஒரு மைதானத்தைக் கட்டினாள். ஒவ்வொரு கிரகத்திலிருந்தும் பிடித்து வந்தவர்களை அதில் மோத விட்டாள். ஜெயித்தவர்களுக்குத் தண்ணீர், தோற்றவர்களை யாரும் தேடுவதில்லை. கை ஒயரைச் சுற்றும்போது தலைக்குள் அடுத்த சண்டை ஓடும்.

மூணாவது மாதத்தில் அதுவும் ஒரு ஷிப்டு போல ஆகிவிட்டது. "இன்னாடி, இன்னும் மெசேஜே வரல?" என்று பின் சீட்டிலிருந்து குப்பம்மாள் அதட்டுவாள். விக்டோரியா பெருமூச்சு விட்டுக்கொண்டே தட்டுவாள்.

அப்போது நௌஷீன் நாலு மாதக் கர்ப்பம். நிற்க முடியவில்லை, ஒரு ஸ்டூல் வேண்டும் என்று சூப்பர்வைசர் துளசிராமனிடம் போய்க் கேட்டாள்.

"ஒருத்திக்குக் குடுத்தா அத்தினி பேரும் கேப்பாங்கமா. எனக்கும் மேல ஆள் கீறாங்க."

பத்து நாள் கழித்து, லைனில் நின்றிருந்தபோதே உதிரப்போக்கு. விக்டோரியாதான் அவளைத் தாங்கிப் பிடித்து முதலுதவி அறைக்குக் கூட்டிப்போனாள். பிள்ளை தங்கவில்லை. நௌஷீனின் தாய் சைதா வந்து மகளைப் பழவேற்காட்டுக்கு அழைத்துப் போய்விட்டாள்.

விக்டோரியா மெசேஜ் அனுப்புவதை நிறுத்தவில்லை. "எப்படிக் கீற?" என்று கேட்டால் பதில் வராது. கதையை அனுப்பினால் மட்டும் 1 அல்லது 2 வரும். சாயங்காலம் லாக்கரைத் திறந்து செல்லை எடுத்ததும் அந்த எண்ணைத்தான் முதலில் பார்ப்பாள். பிறகு அதுவும் நின்றது. கூப்பிட்டால் ஸ்விட்ச் ஆஃப். பதினோரு நாள் விக்டோரியாவும் யாருக்கும் கதை அனுப்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போகாமல் பொன்னேரி பஸ் ஏறி, அங்கே மாறிப் பழவேற்காடு போனாள்.

"செல்ல அவ ஊட்டுக்காரன் எடுத்துக்கினு போயிட்டான்மா. அவனுது கெட்டுப்போச்சாம்" என்றாள் சைதா. "உள்ள போ. பேச மாட்டேங்கறா. நீயாவது பேசிப் பாரு."

நௌஷீன் பாயில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். திரும்பவில்லை. விக்டோரியா பக்கத்தில் உட்கார்ந்தாள். நௌஷீன்தான் முதலில் கேட்டாள்.

"கதை இன்னாச்சு?"

"அப்டியே நிக்குது. நாலு கைக்காரி ஆறு சண்ட ஜெயிச்சிட்டா. ஏழாவதுக்கு கதவு தொறக்குது. ஒண்ணு, உள்ள போ. ரெண்டு, மாட்டேன்னு சொல்லு."

"மாட்டேன்னா?"

"கொன்னுடுவாங்க."

"உள்ள போனா?"

"ஜெயிச்சா எட்டாவது."

நௌஷீன் மெல்லத் திரும்பிப் படுத்தாள்.

"அவ தூங்கட்டும்கா."

"அப்டி நம்பரே குடுக்கலியே."

"நீதான எழுதுற?"

விக்டோரியா அங்கேயே செல்லை எடுத்துத் தட்டினாள்: "நாலு கைக்காரி கதவாண்டயே படுத்துத் தூங்கிட்டா. யாரும் எழுப்பல. இன்னிக்கு சண்ட இல்ல." எண் எதுவும் போடாமல் மற்ற எல்லோருக்கும் அனுப்பினாள். நௌஷீன் அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். அதன் பிறகு அழ ஆரம்பித்தாள். பிள்ளை போனதிலிருந்து அவள் அழவே இல்லை என்று கதவருகில் நின்றிருந்த சைதா சொன்னாள். விக்டோரியா நாலு மணி பஸ் வரை அவள் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

திங்கட்கிழமை பஸ்ஸில் குப்பம்மாள் சண்டைக்கு வந்தாள். "தூங்கறதுக்கா நா ஓட்டு போட்டேன்? அவள எழுப்புடி!" விக்டோரியா எழுப்பினாள். அப்புறம் நாலைந்து மாதம் கதை ஓடியது. செல் கம்பெனிக்காரன் இலவச மெசேஜை எடுத்துவிட்டதும், எட்டாவது சண்டையின் நடுவில் அப்படியே நின்றுபோனது.

நௌஷீன் மறுவருஷம் புருஷனோடு செவ்வாப்பேட்டையில் குடியேறினாள். 2009-இல் மகள் பிறந்தாள். சமீனா என்று பெயர். எப்போதாவது திருவள்ளூர் மார்க்கெட்டில் இருவரும் பார்த்துக்கொள்வார்கள். குழந்தைக்குச் சளி, கத்திரிக்காய் விலை, லைனில் யார் வேலையை விட்டு நின்றுவிட்டார்கள் என்று பேசுவார்கள். நாலு கைக்காரியைப் பற்றி இருவரும் வாயே திறந்ததில்லை.