எட்டாவது பந்தயத்தை மேசை ஏற்கவில்லை

நான் யாழ்ப்பாணத்தில் முப்பத்தொரு வருடம் கணிதம் படிப்பித்தவன். இப்போது வெளிநாட்டில், கர்க்லாண்டில் மகள் வீட்டில் மனைவியோடு இருக்கிறேன்.

போன குளிர்காலம் இணையத்தில், பெரிய பந்தயக்காரருக்கான ரூலெட் மேசையில் விளையாடினேன்; சுழலும் சக்கரத்தில் குண்டு சிவப்பில் நிற்குமா கறுப்பில் நிற்குமா என்று பந்தயம் கட்டும் சூதாட்டம் அது. சிவப்பில் நூறு டொலர் வைப்பேன். தோற்றால் அடுத்த முறை இரட்டிப்பேன். சிவப்பு என்றைக்காவது வரத்தானே வேண்டும். வந்தால் போனதெல்லாம் திரும்பி, நூறு டொலர் மிஞ்சும். பதினொரு நாள் அப்படியே நடந்தது.

பன்னிரண்டாம் நாள் தொடர்ந்து ஏழு தடவை கறுப்பு. மனைவியின் வலப்பக்கப் பல் வைத்தியத்துக்கு வைத்திருந்த காசில் பன்னிரண்டாயிரத்து எழுநூறு போய்விட்டது. எட்டாவது தடவை பன்னிரண்டாயிரத்து எண்ணூறு வைத்தேன். மேசை ஏற்கவில்லை. ஒரு பந்தயத்துக்கு உச்ச எல்லை பத்தாயிரமாம். விதிகளின் அடியில் பொடி எழுத்தில் இருந்தது. இரட்டிப்பவனை வழியில் மறிக்கத்தான் அந்த எல்லை.

உடனே அந்தச் சூதாட்டத் தளத்தின் ஆள் எழுதினான்: உங்களுக்கு மட்டும் எல்லையை ஐம்பதாயிரமாக்குகிறோம். வெட்கக்கேடு, அப்போது நான் வங்கி அட்டையைத்தான் எடுத்தேன்.

பின்னால் மனைவி நின்றாள்.

"என்னப்பா, பல்லுக்காசோ?"

"ஓம். ஒருக்கா சிவப்பு வந்தால் திரும்பிடும்."

"உங்கட கணக்கை அவங்கள் முதலே செய்து வச்சிருக்கிறாங்கள், வாத்தியார். அந்த பாங்க் காட்டைத் தாங்கோ."

கொடுத்தேன். அன்றே அந்தத் தளத்தில் என் கணக்கை மூடி, திரும்பத் திறக்க முடியாதபடி என்னைத் தடைசெய்யச் சொன்னேன்.

யாராவது இரட்டிக்கும் வழியைச் சொன்னால், மேசையின் எல்லையை முதல் பந்தயத்தால் வகுத்துப் பாருங்கள் என்கிறேன். பத்தாயிரத்தை நூறால் வகுக்க எனக்கு நூறு மடங்குதான் வந்தது; ஆறு தடவை இரட்டித்தால் முடிந்துவிடும். அட்டை மனைவியிடமே இருக்கிறது. அவள் இன்னும் இடப்பக்கத்தால்தான் மென்று சாப்பிடுகிறாள்.