ஒன்பது படுக்கைகள்

பள்ளியில் சரித்திரம் எனக்கு ஒரு பட்டியல். எந்த கவர்னர் ஜெனரலுக்குப் பின் எவர் என்று ஒரே மூச்சில் ஒப்பிப்பேன், பரிசுகூட வாங்கினேன். கடைசிப் பரீட்சை எழுதிய சாயங்காலமே அத்தனையும் மறந்துபோயிற்று. இருபத்து மூன்றாவது வயதில், மதுரையில் ஒரு மில் ஆபீஸில் குமாஸ்தாவாக உட்கார்ந்த பிறகுதான், வாசகசாலையில் கிடைத்த ஒரு மாதப் பத்திரிகையில் நம் பக்கத்துக் குன்றுகளைப் பற்றிப் படித்தேன். குகைகளுக்குள் சமண முனிவர்கள் படுத்த கற்படுக்கைகள் இருக்கின்றனவாம். இரண்டாயிரம் வருஷத்துப் பழசாம். பஸ் ஏறிப் போய்வரும் தூரத்திலா இத்தனை நாள் சரித்திரம் கிடந்தது?

அறைத்தோழன் ஒருவன்தான் அந்த ஊரில் எனக்கு ஆள். நான் பேசப் பேசக் கேட்டுக்கொண்டே தூங்கிப்போவான். ஞாயிற்றுக்கிழமை கூட வா என்றதும், "வாரேன் மாப்ள. சோத்தைக் கட்டிக்க. அப்படியே வாயையும் கட்டிக்க" என்றான்.

உசிலம்பட்டி பஸ்ஸில் பாதி வழியில் இறங்கி, சோளக்காட்டு வழியே நடந்து குன்றில் ஏறினோம். குகை நிழலில் ஆடு மேய்ப்பவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

"பஞ்ச பாண்டவர் படுக்கை பாக்க வந்தீகளா?"

தோழன் விரல் நீட்டி எண்ணினான். "பாண்டவரு அஞ்சு பேருதானே அண்ணே. இங்க ஒம்பது கெடக்கு."

"வீடுன்னா நாலு விருந்தாளி வரமாட்டாகளா? அவுக எங்க படுப்பாக?"

இருவரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. பாண்டவரும் இல்லை, விருந்தாளியும் இல்லை என்று ஆரம்பித்து, படித்ததை எல்லாம் ஒப்பித்தேன். ஆட்டுக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

"இங்க வந்தும் பரிச்சை வைக்கிறியே மாப்ள" என்றான் தோழன்.

திரும்பும்போது பஸ்ஸில் அவன் வேறு வரிசையில் உட்கார்ந்தான். அந்த மாசமே வாடிப்பட்டி ரயில் ஸ்டேஷனில் வேலை கிடைத்து, பாயைச் சுருட்டிக்கொண்டு போனான். சண்டை ஒன்றும் இல்லை, அதுதான் உறுத்தியது. அவன் பாய் கிடந்த இடத்தில் மட்டும் தரை வெளுப்பாக இருந்தது.

ஐப்பசியில் தனியாகப் போனேன். ஏறும்போதே தூறல் பிடித்துக்கொண்டது. குகைக்குள் ஒரு படுக்கையில் நீட்டிப் படுத்தேன். தலைமாட்டில் கல்லையே மேடாக விட்டுத் தலையணை ஆக்கியிருந்தார்கள். மழை வலுத்தது, ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. எழுந்து பார்த்தால், மேலே பாறையின் நெற்றியில் நீளமாக ஒரு வரி வெட்டியிருக்கிறது. வழிந்து வரும் தண்ணீர் அதைத் தாண்ட முடியாமல் வெளியிலேயே சொட்டுகிறது. படுக்கிறவன் நனையக்கூடாதே என்று யாரோ கவலைப்பட்டிருக்கிறான். அவன் பெயர் நான் ஒப்பித்த எந்தப் பட்டியலிலும் இல்லை. இதைச் சொல்லப் பக்கத்தில் திரும்பினேன். மற்ற எட்டுப் படுக்கையும் காலி.

மறுநாள் அதே பத்திரிகையைத் தேடி எடுத்து, முன்பு அவசரத்தில் தாண்டிப்போன பக்கத்தைப் படித்தேன். முனிவர்கள் ஓரிடத்தில் தங்காதவர்கள். மழைக்காலத்தில் மட்டும் வந்து தங்குவார்கள். மற்றவர்கள்தான் அவர்களுக்குப் படுக்கை வெட்டிக் கொடுத்தார்கள் என்று இருந்தது. அப்படியானால் விருந்தாளிகள்தானே. ஆட்டுக்காரர் சொன்னதில் பாண்டவர் மட்டும்தான் தப்பு.

இதை ஒரு கார்டில் எழுதி வாடிப்பட்டிக்குப் போட்டேன். வருகிற ஞாயிறு குன்றுக்கு வா, இந்தத் தடவை வாயைக் கட்டிக்கொள்கிறேன் என்றும் எழுதினேன். பதில் இல்லை. ஆனாலும் இரண்டு பொட்டலம் புளிச்சோறு கட்டிக்கொண்டு போனேன்.

ஆட்டுக்காரர் இருந்தார். "கூட்டாளி வரலியா?"

"வருவான்."

உச்சி வெயில் சாய்ந்ததும் இரண்டாவது பொட்டலத்தை அவர் பக்கம் நகர்த்தினேன். பிரிக்காமல் என்னைப் பார்த்தார்.

"இனி யாராச்சும் வந்தா பாண்டவருன்னு சொல்லட்டா, நீங்க சொன்னவுகளச் சொல்லட்டா?"

"விருந்தாளின்னு சொன்னீகளே அண்ணே, அதையே சொல்லுங்க."

அவர் பொட்டலத்தைப் பிரித்தார். கீழே சாலையில் பஸ் சத்தம் கேட்டது. இருவரும் எட்டிப் பார்த்தோம். அது நிற்காமல் போயிற்று.