வராத நாளுக்கும் ஒரு கட்டம்

பட்டாசுக் கம்பெனியில் வெடிக்கவே வெடிக்காத வேலை என்று நம்பித்தான் பி.எஃப். கணக்கு பார்க்கும் வேலையை வாங்கிக்கொண்டேன். என்னைப் போலவே நம்பி மாட்டிக்கொண்டவர்களுக்கு இது சமர்ப்பணம்.

போர்மேனின் பாசம்

திருத்தங்கல் பக்கம் எங்கள் கம்பெனி. பேக்கிங் ஷெட்டில் வேலை பார்க்கும் முத்துமாரி, மழை ஈரத்தில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை ஒடித்துக்கொண்டாள். டாக்டர் இரண்டு மாதம் ஓய்வு சொல்லிவிட்டார். வேலையிடத்தில் அடிபட்டதால், வராத நாட்களுக்குத் தொழிலாளர் காப்பீடான ஈ.எஸ்.ஐ. பணம் தரும். அங்கிருந்த ஆபீசர் வருகைப் பதிவேட்டின் நகல் கேட்டார். நானும் படித்துப் பார்க்காமல் அனுப்பிவைத்தேன்.

விண்ணப்பம் போன வேகத்தில் திரும்பி வந்தது. பதிவேட்டில் முத்துமாரி ஒரு நாள் விடாமல் வேலைக்கு வந்திருந்தாள்! போர்மேன் மாடசாமியைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டேன். அவருக்கு என்னைவிடக் கோபம். "கை ஒடிஞ்சு கெடக்கிற புள்ளைக்கு ஆப்சென்ட் போடச் சொல்லுதீகளே, உங்களுக்கு மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா சார்?"

முதலாளியின் சுருக்குவழி

அந்த மாத பி.எஃப். கணக்கு அனுப்பும் நாள் வந்தது. முதலாளி, "சம்பளமே வாங்காத ஆளுக்கு லிஸ்ட்டுல பேரு எதுக்குய்யா? வேலைய விட்டு நின்னுட்டதா போட்டுரு. வந்தா சேத்துக்கிடுவோம்" என்றார்.

முத்துமாரிக்குப் பென்ஷனுக்கு வேண்டிய பத்து வருஷம் முடிய இன்னும் சில மாதங்கள்தான் பாக்கி. நின்றுவிட்டாள் என்று எழுதினால் அவள் சர்வீஸ் அங்கேயே அறுந்துபோகும். மறுபடி சேர்ந்து பழையதோடு ஒட்டவைக்க ஆபீஸ் ஆபீசாக அலைய வேண்டும். ஈ.எஸ்.ஐ. தருவது சம்பளமில்லை, அதில் பி.எஃப். பிடிக்கக் கூடாது, ஆனால் பெயரை எடுக்கவும் கூடாது. சம்பளமில்லாத நாட்கள் எத்தனை என்று எழுதத் தனியாக ஒரு கட்டமே இருக்கிறது. இதையெல்லாம் நான் விளக்கி முடித்ததும் முதலாளி கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப நம்ம மருமகன் பேரையும் அந்தக் கட்டத்துல எளுதிரு. அவரு கம்பெனிப் பக்கம் வந்து ஆறு மாசமாச்சு."

மன்னிப்புக் கடிதம்

பதிவேட்டைத் திருத்தினால் மட்டும் போதாது, தப்பு நடந்த காரணத்தையும் எழுதித் தர வேண்டும் என்றார் ஈ.எஸ்.ஐ. ஆபீசர். மாடசாமி ஒரு மதியம் முழுக்கப் பேனாவைக் கடித்துவிட்டு, 'அந்தப் புள்ளை வரவில்லை. வந்தது போல இருக்கட்டும் என்று நான்தான் போட்டேன். தப்பு என்னுடையது' என்று எழுதிக் கொடுத்தார்.

நான்தான் எடுத்துக்கொண்டு போனேன். அது செல்லாவிட்டால் முத்துமாரி வீட்டில் இரண்டு மாதம் அடுப்புக்கே திண்டாட்டம். ஆபீசர் இரண்டு தடவை படித்துவிட்டுச் சிரித்தார். "வந்த ஆளுக்கு ஆப்சென்ட் போடுற போர்மேனைத்தான்யா இதுவரைக்கும் பாத்திருக்கேன்!"

முத்துமாரி திரும்பினாள்

பணம் வந்தது. கை கூடியதும் முத்துமாரி வேலைக்கு வந்துவிட்டாள். முதல் நாளே ஆபீஸ் வாசலில் நின்று, "என் பென்சன் போயிருச்சா சார்?" என்று கேட்டாள். கம்ப்யூட்டரைத் திருப்பி, அவள் பெயரையும் பக்கத்துக் கட்டத்தில் இருந்த வராத நாட்களின் எண்ணிக்கையையும் காட்டினேன். சர்வீஸ் அறுபடவில்லை, இன்னும் சில மாதம் வந்தால் பத்து வருஷம் முடிந்துவிடும் என்றேன். மனசுக்கு அவ்வளவு நிறைவாக இருந்தது. அவள் அந்தக் கட்டத்தையே உற்றுப் பார்த்தாள்.

"இம்புட்டு வருசமா தெனமும் வந்தேன், ஏன்னு ஒருத்தரும் கேக்கல. வராத நாளை மட்டும் எம்புட்டுக் கவனமா எண்ணி வச்சிருக்கீக!"

இப்போதெல்லாம் பதிவேட்டைப் படித்துப் பார்த்துத்தான் நகல் எடுக்கிறேன். மாடசாமிதான், லீவு போட்ட நாளிலும் தன் பெயருக்குப் பிரசென்ட் போட்டுத் தனக்கே பாசம் காட்டிக்கொள்கிறார்.