ஆக்காத சோறு

போன வாரம் வரை என் வீட்டுப் பின்புறக் குழாயடியில் ஒரு பித்தளை அண்டா கவிழ்ந்து கிடந்தது. இரண்டு பேர் சேர்ந்து பிடித்தால்தான் அசையும். வருகிறவர்கள் எல்லாம், "தனியாக இருக்கிறவளுக்கு எதற்கு இவ்வளவு பெரிய அண்டா?" என்று கேட்பார்கள். மழைத்தண்ணீர் பிடிக்கிறேன் என்பேன். கவிழ்ந்து கிடக்கிற அண்டாவில் எப்படித் தண்ணீர் பிடிப்பாள் இவள் என்று ஒருவருக்காவது தோன்ற வேண்டுமே! தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

அது முப்பதுகளில், கண்டித் தமிழர்கள் சந்தா போட்டு நடத்திய ஒரு கல்லூரியின் போடிங்கில் இருந்த அண்டா. கலஹாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்த பிள்ளைகள் அந்த விடுதியில் இலவசமாகத் தங்கிப் படித்தார்கள். நான் அந்தக் கல்லூரியில் கீழ்வகுப்புகளுக்குப் படிப்பித்தேன். என் அக்கா சம்பளம் இல்லாமல் அந்தப் பிள்ளைகளுக்குச் சமைத்துப் போட்டாள். அக்காவின் புருஷன், என் அத்தான், ஒரு தேயிலைக் கம்பனியில் கிளாக்கர். வேலை முடிந்ததும் போடிங்குக்காகக் கடை கடையாக அரிசி கேட்டு அலைவதுதான் அவருடைய இரண்டாவது உத்தியோகம். மூவரும் மஹய்யாவையில் ஒரே வீட்டில் இருந்தோம். "உங்களுக்குப் பிள்ளைகள் இல்லையா?" என்று யாராவது கேட்டால், அத்தான் முகம் மாறாமல், "ஏன் இல்ல, போடிங் நெறைய இருக்குதுங்களே" என்பார். அக்கா அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

கல்லூரிச் சபையில் ஓர் இடம் காலியானபோது, நகரத்துப் பெரிய புடவைக்கடை முதலாளி அதற்குப் போட்டியிடப் போவதாகச் சொன்னார். இலவச போடிங்கை மூடி, கட்டடத்தை வாடகைக்கு விட வேண்டும் என்பது அவருடைய திட்டம். சபையில் இருந்தவர்களில் பாதிப் பேர் அதற்குச் சரி என்றார்கள், பாதிப் பேர் கூடாது என்றார்கள். ஆகவே அந்த ஓர் இடத்தில்தான் பிள்ளைகளின் சோறும் படிப்பும் தொங்கிக்கொண்டிருந்தன. எதிர்த்து நிற்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை. அத்தான் நின்றார்.

முதலாளியின் பிரசாரத்தைப் பார்க்க வேண்டுமே! சுவரெல்லாம் இரண்டு நிறத்தில் நோட்டீஸ். கடைத்தெருவில் கேட்டவனுக்குச் சோடா, கேட்காதவனுக்கும் சோடா. சந்தா கட்டாமல் விட்ட நகரத்து ஆட்களுக்கெல்லாம் அவரே கட்டி, வோட்டுரிமையை மீட்டுக் கொடுத்தார். அத்தானிடம் இருந்தது ஒரு குடையும் ஒரு சோடி சப்பாத்தும்தான். ஞாயிறு பூசை முடிந்ததும் பஸ் ஏறிக் கலஹாவுக்குப் போய், தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயம் லயமாக நடந்து, பிள்ளைகளின் தகப்பன்மாரைப் பார்த்துவிட்டு வருவார். அவர்கள் வயிற்றைக் கட்டி ஒழுங்காகச் சந்தா கட்டியவர்கள். எல்லோரும் வந்து கை தூக்கினால் அத்தான் ஜெயிப்பது நிச்சயம் என்று முதலாளிக்கும் தெரியும்.

தேர்தலுக்கு முந்திய நாள் முதலாளியின் ஆள் கலஹாவுக்குப் போய், யாருக்கு வோட்டுப் போட்டாலும் சரி, வந்து போக பஸ்ஸும் மத்தியானச் சாப்பாடும் முதலாளி பொறுப்பு என்று சொல்லிவிட்டு வந்தான். தகப்பன்மார் என்ன செய்வது என்று அத்தானுக்கு ஆளனுப்பிக் கேட்டார்கள். அத்தானுக்கு ஒரே சிரிப்பு. "ஏறி வாங்க, நல்லாச் சாப்பிடுங்க, கையை மட்டும் நமக்குத் தூக்குங்கன்னு சொல்லு. அவரு காசு, நம்ம வோட்டு" என்றார். அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. "வேணாங்க. அங்க திங்க விடாதீங்க. நானே ஒரு அண்டா சோறு ஆக்கிடுறேன்" என்று கெஞ்சினாள். "எந்த அரிசியில? பிள்ளைங்க அரிசியிலயா? அதைப் போட்டு நான் வோட்டு வாங்கணுமா?" என்று அத்தான் எரிந்து விழுந்தார். அதற்குமேல் அவரோடு பேச முடியாது. அக்கா அண்டாவைக் கழுவி, என்னையும் ஒரு பக்கம் பிடிக்கச் சொல்லி, போடிங் முற்றத்தில் கவிழ்த்து வைத்துவிட்டு வந்து படுத்தாள்.

பஸ்கள் வந்தன. முதலாளி வீட்டு முற்றத்தில் பந்தி போட்டிருந்தது. வேலையாட்களை விலக்கிவிட்டு, முதலாளியே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பரிமாறினாராம். நெய்யை ஊற்றி, "இன்னும் கொஞ்சம் வச்சுக்கங்க. பிள்ளைங்க நல்லாப் படிக்குதுங்களா?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டாராம். வோட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

சந்தாக்காரர்களுக்கு மட்டும்தான் வோட்டு, சம்பளம் வாங்குகிற எனக்கு இல்லை. அக்காவும் நானும் கல்லூரி மண்டபத்து ஜன்னலுக்கு வெளியே நின்றோம். முதலில் முதலாளியின் பெயரை வாசித்தார்கள். முன்வரிசைகளில் கைகள் எழும்பின. பின்னால், கலஹா ஆட்கள் உட்கார்ந்திருந்த நீள வாங்குகளில் ஒரு கைகூட இல்லை. அத்தான் எங்கள் பக்கம் திரும்பிக் கண்ணைச் சிமிட்டினார். அடுத்து அத்தானின் பெயர். நகரத்து ஆட்கள் கொஞ்சம் பேர் தூக்கினார்கள். பின்வரிசை வாங்குகளில் அப்போதும் ஒரு கை இல்லை. எல்லோரும் தலையைக் குனிந்து, கைகளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். முதலாளி அவர்களுக்கு எதிரே, அதே மடித்துக் கட்டிய வேட்டியோடு நின்றார். அத்தான் எழுந்து நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். ஐயோ, அந்த மனுஷன் நின்ற நிலை! அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "தூக்குங்கய்யா, தூக்குங்கய்யா" என்று முணுமுணுத்தாள். எங்களால் வேறு என்ன செய்ய முடியும்?

கூட்டம் கலைந்ததும் அவர்களில் வயதானவர் ஒருவர் அத்தானிடம் வந்தார். "அவருக்கும் தூக்கலங்கய்யா. ஆனா இப்பத்தான் அவரு கையால தின்னுட்டு வந்து, அவரு மூஞ்சிக்கு நேர எப்படிங்க? நான் ஒருத்தன் தூக்காட்டி என்ன, மத்தவங்க தூக்குவாங்கன்னு இருந்துட்டேன்" என்றார். அடுத்தவரும் அதையேதான் சொன்னார். அவருக்கு அடுத்தவரும் அதையேதான். அத்தானுக்குக் கோபம்கூட வரவில்லை. வந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "நாந்தானப்பா திங்கச் சொன்னேன்" என்றார்.

முதலாளி ஜெயித்த அந்த மாதமே போடிங்கை மூடினார்கள். தகப்பன்மார் பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்தார்கள். ஒருவர் கையில் கீரைக்கட்டு, இன்னொருவர் கையில் மரவள்ளிக்கிழங்கு, எல்லாம் அக்காவுக்கு. மிச்சமிருந்த அரிசி முழுவதையும் அக்கா அண்டாவில் கொட்டி ஆக்கினாள். பிள்ளைகள் பெட்டிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். தகப்பன்மார் வாசலிலேயே நின்றார்கள். "உக்காருங்க" என்று அத்தான் சொன்னார். ஒருவரும் அசையவில்லை. "உக்காந்து சாப்பிடுங்கப்பா. நான் ஒண்ணும் வோட்டுக் கேக்க மாட்டேன்." அந்த வயதானவர் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். அவருடைய மகன் நான்காம் வகுப்பில் என்னிடம் படித்தவன். மறு வாரமே கொழுந்துக் கூடை சுமக்கப் போய்விட்டான் என்று கேள்விப்பட்டேன். கேட்பாரில்லாமல் கிடந்த அண்டாவை அத்தான் ஒரு மாட்டு வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார். அக்கா அதில் பிறகு ஒரு பிடி அரிசிகூடப் போடவில்லை.

அக்காவும் அத்தானும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். போன வாரம் தேர்தல் வேலை செய்கிற இளைஞர்கள் சிலர் வந்தார்கள். "டீச்சர், உங்ககிட்ட பெரிய அண்டா ஒண்ணு இருக்காமே. நாளைக்கு வோட்டுப் போட வாறவங்களுக்குச் சோறாக்கணும்" என்றார்கள். மாட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "சாப்பிட்டவங்க உங்களுக்கே போடுவாங்களா தம்பி?" என்ற கேள்விதான் வந்தது. அவர்களில் ஒருவன் சிரித்துவிட்டான். "நீங்க எந்தக் காலத்துல இருக்கீங்க டீச்சர்? எல்லா இடத்துலயும் தின்னுட்டு, மனசுக்குப் பிடிச்சவனுக்குத்தான் போடுவாங்க. அதுக்காகச் சோறு போடாம இருக்க முடியுமா?"

அங்கே தின்றுவிட்டு, மனசுக்குப் பிடித்தவனுக்குப் போடுங்கள்: அத்தான் அன்று கேட்டது இதைத்தான். வேறொன்றும் கேட்கவில்லை. இரண்டு பேர் அண்டாவைப் புரட்டித் தூக்கிக்கொண்டு போனார்கள். இன்னும் திருப்பிக் கொண்டுவரவில்லை, நானும் கேட்டனுப்பவில்லை. குழாயடியில் அது கிடந்த இடத்தில் புல் இல்லாமல் வட்டமாக வெறும் மண் தெரிகிறது.